கேஸ் ஹீட்டர் பற்றவில்லையா? பதற வேண்டாம், அவசரமும் வேண்டாம்



டிசம்பர், ஜனவரி காலைகளில் யாங்கோனிலும் சற்றுக் குளிர் தெரியும். பெரியவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் வெந்நீர் தேவைப்படும். 2021-க்குப் பிறகு மின்வெட்டு அதிகமானதால், வெந்நீருக்குக் கேஸ் சிலிண்டரை நம்புவோரும் நம் போட்டாதாங் அடுக்குமாடி வீடுகளில் உண்டு. குழாயைத் திறந்தும் ஹீட்டர் பற்றாவிட்டால் என்ன செய்வது என்று இந்த இதழில் பார்ப்போம்.

முதலில் மோந்து பாருங்கள்

சமையல் வாயுவுக்கு இயல்பில் மணமில்லை. கசிவு தெரிவதற்காகவே நெடியுள்ள பொருளைக் கலக்கிறார்கள். அந்த நெடி வந்தால் சோதனை எதுவும் வேண்டாம். சிலிண்டர் வால்வை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியேறுங்கள். விளக்கு, மின்விசிறி சுவிட்சுகளைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. தரையோடு தேங்கி நிற்கும். ஒரு சிறு பொறி போதும். தீயணைப்புத் துறையை வெளியே வந்த பிறகு 191-இல் அழையுங்கள்.

நெடி இல்லையென்றால், காது கொடுத்துக் கேளுங்கள்

1. "டிக் டிக்" ஓசையே இல்லை: பெரும்பாலான ஹீட்டர்களில் தண்ணீர் வேகமாக ஓடினால்தான் வாயு திறக்கும். மின்சாரம் இல்லாமல் மோட்டார் ஓடாதபோது, மேல்மாடி வீடுகளில் தண்ணீர் மெல்லத்தான் வரும். வேகம் சரியாக இருந்தால் பேட்டரியை மாற்றுங்கள். தண்ணீர் நுழையும் இடத்துச் சல்லடையில் துரு அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

2. ஓசை உண்டு, தீ இல்லை: சிலிண்டர் காலியாக இருக்கலாம், ரெகுலேட்டர் சரியாகப் பொருந்தாமல் இருக்கலாம். புதுச் சிலிண்டர் மாட்டியவுடன் குழாயில் காற்று நிற்பதும் உண்டு. இரண்டு மூன்று முறை முயன்றும் பற்றாவிட்டால் நிறுத்தி, சன்னலைத் திறந்து, ஐந்து நிமிடம் பொறுங்கள்.

3. பற்றி உடனே அணைகிறது: தீயை உணரும் பாகம் பழுதாகியிருக்கலாம், அல்லது அறையில் காற்றோட்டம் போதாமல் இருக்கலாம். இதை நாமே கழற்றிப் பார்க்கக் கூடாது. தொழில் தெரிந்தவரை அழைப்பதே நல்லது.

பற்றாததைவிடப் பெரிய ஆபத்து

சரியாக எரியாத ஹீட்டர்தான் உயிரைப் பறிப்பது. தீ நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக எரிந்தாலோ, ஹீட்டரைச் சுற்றிக் கரி படிந்தாலோ கார்பன் மோனாக்சைடு உண்டாகலாம். இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். இந்தியாவில் காற்றோட்டமில்லாத குளியலறைகளில் கேஸ் ஹீட்டரால் பலர் உயிரிழந்திருக்கிறார்கள்.

தலைவலி, மயக்கம், குமட்டல், சோர்வு ஆகியவை அறிகுறிகள். வீட்டில் இருவர் மூவருக்கு ஒரே நேரத்தில் வந்து, வெளியே போனதும் குறைந்தால், "சாப்பாடு சேரவில்லை" என்று விட்டுவிடாதீர்கள். ஹீட்டரை அணைத்து, எல்லோரையும் வெளியே அழைத்துச் சென்று, உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். கேஸ் ஹீட்டர் ஓடியதை அவரிடம் சொல்லுங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியை இதற்கு நம்பாதீர்கள். நச்சு ஏறியிருந்தாலும் அது நல்ல எண்ணையே காட்டும்.

நினைவில் வைக்க

• ஹீட்டர் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள இடத்தில் இருக்கட்டும். புகைபோக்கி வெளிக்காற்றில் திறக்கட்டும்.
• சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்து நிற்கட்டும்.
• ரப்பர் குழாயில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு.
• மின்வெட்டு நேரத்தில் கரியடுப்பையும் ஜெனரேட்டரையும் மூடிய அறையில் வைக்க வேண்டாம். அதே நச்சு அவற்றிலிருந்தும் வரும்.

இங்கிலாந்து போன்ற குளிர்நாடுகளில் பாய்லர் வைத்திருக்கும் நம் உறவினர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். அங்கே 2009 முதல் 'கேஸ் சேஃப்' பதிவு பெற்றவர்தான் பாய்லரில் கை வைக்கலாம். கார்பன் மோனாக்சைடு அலாரமும் கடைகளில் கிடைக்கிறது.

வெந்நீர் ஒருநாள் தாமதமானால் பரவாயில்லை. அன்று அடுப்பில் ஒரு பானை வைத்துக்கொள்வோம்.