படிப்பதும் ஆராய்வதும்: நடுநிலை வகுப்புகளுக்கு ஒரு பயிற்சி

ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் பயிலும் மாணவர் பலர், தம் குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்வி கற்போர். கடன் விளம்பரமாயினும், அரசு அறிவிப்பாயினும் வீட்டாருக்குப் படித்துச் சொல்பவர்கள் அவர்களே. அச்சில் வந்தது அனைத்தும் உண்மை என்று அவர்கள் கருதிவிட்டால், அதனால் நேரும் இழப்பு குடும்பம் முழுவதையும் சாரும். எனவே, படிக்கக் கற்பித்தலோடு பள்ளியின் கடமை முடிந்துவிடுவதில்லை. படித்ததை ஆராயவும் கற்பித்தல் வேண்டும்.

இதற்கு எளிய பாடப்பொருள் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே உள்ளது. நாட்டின் எழுத்தறிவு 1951இல் 18.33 சதவீதம், 2011இல் சுமார் 73 சதவீதம். ஏறத்தாழ நான்கு மடங்கு உயர்வு. இப்புள்ளிவிவரத்தைக் கரும்பலகையில் எழுதிய பின், ஆசிரியர் மூன்று கேள்விகளை எழுப்பலாம்.

முதலாவது, யாரைக் கணக்கிட்டார்கள்? 1951ஆம் ஆண்டு விகிதம் ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்களைப் பற்றியது. 2011ஆம் ஆண்டு விகிதம் ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களைப் பற்றியது. 1981ஆம் ஆண்டுக்கு முதல் முறைப்படி சுமார் 41.4 சதவீதமும், இரண்டாம் முறைப்படி சுமார் 43.6 சதவீதமும் கிடைக்கின்றன. இரண்டும் சரியே. ஆயினும், அடிக்குறிப்பைப் படியாதவர் ஒப்பிடுவதில் தவறுவார்.

இரண்டாவது, எது சொல்லப்படவில்லை? 2011இல் எழுத்தறிவற்றோர் 27 கோடிக்கும் மேற்பட்டிருந்தனர். சதவீதம் மட்டும் கூறும் கட்டுரையில் இத்தொகை மறைந்துவிடும்.

மூன்றாவது, எந்த அளவுகோல் தேர்ந்தெடுக்கப்பட்டது? 1951இல் ஆண்களின் எழுத்தறிவு 27.16 சதவீதம்; பெண்களுடையது 8.86 சதவீதம். 2011இல் இவை முறையே 80.9, 64.6. விகிதத்தைப் பார்த்தால், பெண்களைப் போல் மூன்று மடங்காக இருந்த ஆண்களின் எழுத்தறிவு ஒன்றேகால் மடங்காகக் குறைந்துள்ளது. வேறுபாட்டைப் பார்த்தாலோ, 18.3 புள்ளிகளாக இருந்த இடைவெளி அறுபது ஆண்டுகளில் 16.3 ஆகவே குறைந்துள்ளது. முன்னேற்றத்தை வலியுறுத்துபவர் முன்னதை எடுத்துரைப்பார்; குறையைச் சுட்டுபவர் பின்னதை எடுத்துரைப்பார். இருவரும் பொய் கூறவில்லை.

தகவல் தரும் எழுத்துக்கும் இணங்கவைக்கும் எழுத்துக்கும் இடையிலான எல்லை எவ்வளவு மெல்லியது என்பதை மாணவர் இங்கு உணர்வர். அதன்பின் விளம்பரத்தை ஆராய்தல் எளிதாகிவிடும். "இருமடங்கு சத்து" என்றால், எதைவிட இருமடங்கு? "குறைந்த தவணை" என்றால், எத்தனை மாதங்களுக்கு, மொத்தம் எவ்வளவு? தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு 2007இல் வெளியிட்ட ஏழாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில் விளம்பரங்களைப் புரிந்துகொள்வதற்கென ஒரு பாடமே இடம்பெற்றிருந்தது.

ஆராய்தல் என்பது எதையும் நம்பாமை அன்று. மேற்கண்ட புள்ளிவிவரங்களை ஐயுற்று ஒதுக்கும் மாணவன், நாடு அடைந்த வளர்ச்சியையும் அறியான். எஞ்சியுள்ள பணியையும் அறியான். சான்றின் அளவுக்கே நம்புதல் என்பதே கற்பிக்க வேண்டிய பழக்கம். ஆராய்ந்தறியும் ஊக்கத்தை வளர்ப்பது குடிமக்களின் கடமை என 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் அரசியலமைப்பில் சேர்த்தது.

இக்கடமையில் அலுவலர்க்கும் பங்குண்டு. கணக்கிட்ட முறையையும் ஒப்பீட்டின் அடிப்படையையும் வெளிப்படையாகக் கூறும் அறிக்கையே, இவ்வாறு பயின்ற மாணவனின் கேள்விகளுக்கு விடையளிக்க வல்லது.