சாக்லேட் சுவைப் பொடி

கிள்ளான் வாசகருக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. தாமதத்துக்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. படித்தவுடன் என் மனமும் உங்கள் பக்கமே சாய்ந்தது, அதுதான் சிக்கல். "விளையாட்டில் எல்லாரும் ஊக்கமருந்தைத் திருட்டுத்தனமாகப் போட்டுக்கொள்கிறார்கள். வெளிப்படையாக விட்டுவிட்டால் திருட்டும் இல்லை, வேஷமும் இல்லையே?" என்று கேட்டிருந்தீர்கள். ஊக்கமருந்தை அனுமதித்தே லாஸ் வேகாஸில் ஒரு போட்டி நடத்தப்போவதாக 2025-இல் அறிவித்தார்களே, அந்தச் செய்தி உங்களையும் கிளறியிருக்கும்.

முதலில் என் வண்டவாளத்தைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் எனக்கு முழங்கால் வலி. பிரிக்பீல்ட்ஸில் மோனோரயில் நிலையத்துப் படிக்கட்டைக் கண்டாலே பயம். பாசார் மாலாமில் ஒருவர் மூலிகை உருண்டை விற்றார், ஒரு பொட்டலம் பத்து வெள்ளி. இரண்டே நாளில் வலி போன இடம் தெரியவில்லை. பசி வேறு பிய்த்துக்கொண்டது. மாமாக் கடையில் மூன்றாவது ரொட்டி சானாய் கேட்கும் ஆளாகிவிட்டேன். ஒன்றரை மாதத்தில் முகம் உப்பி, சவரம் செய்யும்போது கண்ணாடியில் காலஞ்சென்ற என் சித்தப்பா தெரிந்தார். டாக்டர் நான் உட்காருவதற்குள், "எத்தனை நாளா சாப்பிடுறீங்க?" என்றார். என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்கவேயில்லை. இந்த மாதிரி உருண்டைகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கலப்பது நம் ஊரில் பழைய கதை. சுகாதார அமைச்சு எச்சரித்துக்கொண்டேதான் இருக்கிறது. அதைச் சட்டென்று நிறுத்தவும் கூடாதாம். வெளியிலிருந்து வரத்து தாராளமாக இருப்பதால், சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பி வேலையை விட்டுத் தூங்கிப்போயிருக்குமாம். மெல்ல மெல்லத்தான் எழுப்ப வேண்டும்.

2014 ஆகஸ்டில் கோபன்ஹேகன் உலகப் பூப்பந்துப் போட்டியில் நம் மலேசிய வீரர் லீ சோங் வெய் கொடுத்த சிறுநீரில் அகப்பட்டதும் இதே டெக்சாமெத்தசோன்தான். அன்று நாடே துக்க வீடு மாதிரி கிடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். வழக்கு ஆம்ஸ்டர்டாம் வரை போனது. அவர் உட்கொண்ட கார்டிசெப்ஸ் குளிகையின் ஜெலட்டின் உறையிலிருந்து வந்திருக்கிறது, ஏமாற்றும் எண்ணம் இல்லை என்று விசாரணைக் குழு ஒப்புக்கொண்டது. தண்டனை 8 மாதம், அதுவும் முன்தேதியிட்டு. கோபன்ஹேகன் வெள்ளிப் பதக்கம் போனது. மனிதர் திரும்பி வந்து 2016-இல் ரியோவில் இன்னொரு வெள்ளி வாங்கினார்.

இப்போது திருச்சிக்குப் பக்கத்து முடிகண்டத்துக்கு வாருங்கள். கோமதி மாரிமுத்து, 2019 ஏப்ரலில் தோஹா ஆசியத் தடகளத்தில் 800 மீட்டர் தங்கம். இரண்டு கால்களிலும் வேறு வேறு நிறக் காலணியோடு அவர் ஓடிய படம் நம் வாட்சாப் குழுக்களில் எத்தனை முறை சுற்றியது! ஒரே மாதத்தில், நாண்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டில் சிக்கினார் என்று செய்தி வந்தது. அவர் மறுத்தார். 4 ஆண்டு தடை, தங்கமும் போனது. குழுக்களில் அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு வரி இல்லை. 2022-இல் பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டிக்குப் புறப்பட இருந்த நேரத்தில் திருச்சி ஓட்டக்காரி தனலட்சுமி ஸ்டீராய்டில் சிக்கினார், 3 ஆண்டு.

லீ வழக்கையும் கோமதி வழக்கையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள். நாண்ட்ரோலோன் தசையை வளர்க்கும் சரக்கு. விதிப்புத்தகத்தில் அதற்குத் தண்டனையும் கூடுதல். ஆனாலும் ஒரு குளிகையின் உறையைச் சோதனைச்சாலைக்கு அனுப்பி, நல்ல வழக்கறிஞரை வைத்து, அயல்நாட்டில் போய் வாதாட ஒரு நாடே பின்னால் நிற்க வேண்டியிருக்கிறது. உடம்பில் இருந்தால் உன் பொறுப்பு, எப்படி வந்தது என்பதை நீயே நிரூபி: இதுதான் விதி. நிரூபிக்கக் காசு வேண்டும்.

"அப்படியானால் விட்டுவிடலாமே" என்பீர்கள். அங்கேதான் நான் பின்வாங்குகிறேன். போட்டுக்கொள்ளலாம் என்று இன்று சொன்னால், நாளைக்குப் போட்டுக்கொள்ளாதவனுக்கு ஓடுபாதையில் இடமில்லை. சுக்மா விளையாட்டுப் போட்டித் தேர்வுக்கு நிற்கும் பதினேழு வயதுப் பையனிடம், "உன் இஷ்டம்பா" என்று பயிற்சியாளர் சொன்னால் அதற்கு என்ன பொருள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கிழக்கு ஜெர்மனியில் 1970-களில் அரசே திட்டம் போட்டு, நீச்சல் சிறுமிகளுக்கு நீல மாத்திரை கொடுத்தது. வைட்டமின் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். குரல் கட்டையாயிற்று, பின்னாளில் உடம்பு படாதபாடு பட்டது. திட்டத்தின் தலைகள் இரண்டு பேரை 2000-இல் பெர்லின் நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. இருவருக்கும் நிறுத்திவைத்த தண்டனை. ஒருநாள்கூடக் கம்பி எண்ணவில்லை.

நம் ஓட்டக்காரர் டாக்டர் ஜெகதீசனை நினைத்துப் பார்க்கிறேன். 1966 பாங்காக் ஆசியப் போட்டியில் மூன்று தங்கம். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனையை 49 ஆண்டு யாராலும் அசைக்க முடியவில்லை, 2017-இல்தான் விழுந்தது. ஓட்டத்தை விட்டபின் ஆசிய ஒலிம்பிக் மன்றத்தின் மருத்துவக் குழுவுக்குத் தலைமை தாங்கி, ஊக்கமருந்துச் சோதனையைப் பார்த்துக்கொண்டவரும் அவரே. கோடு எங்கே என்பதை ஓடிப் பார்த்த ஒருவர் காவல் காத்தார் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

விதி இருக்கட்டும். ஆனால் அது பையனின் சிறுநீரோடு நின்றுவிடுவதுதான் என் கோபம். பயிற்சியாளர், மருத்துவர் என்று கொடுத்த கைக்கும் ஆயுள்தடை வரை விதியில் இடம் இருக்கத்தான் செய்கிறது. எத்தனை தடவை அந்தக் கையைப் பிடித்துப் பார்த்திருக்கிறோம்?

இனி, நீங்கள் எழுதியிருந்த உங்கள் மகனின் பொடி விஷயம். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். மருந்தாகவோ மூலிகையாகவோ விற்கிற எதிலும் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவெண்ணும் பளபளக்கும் ஹாலோகிராம் ஒட்டியும் இருக்க வேண்டும். பொடி வெறும் உணவு என்று விற்றால் அந்த எண் இருக்காது, அப்போதும் உள்ளே என்ன என்பதற்கு உத்தரவாதமில்லை. போட்டிக்குப் போகிற பிள்ளை வாயில் போடுமுன் நாட்டின் ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனமான அடாமாஸிடம் கேட்டுவிடுவது நல்லது.

ஐயா, உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். டப்பாவின் எடை எழுதியிருக்கிறீர்கள், விலை எழுதியிருக்கிறீர்கள், சாக்லேட் சுவை என்றுகூட எழுதியிருக்கிறீர்கள். அதைப் பையன் கையில் கொடுத்தது யார் என்று மட்டும் எழுதவில்லை.

அன்புடன்,
பிரிக்பீல்ட்ஸிலிருந்து