உயிர் காக்கும் விரவல்

மாணவர்களே! உயரமான கண்ணாடிக் குவளை ஒன்றில் தெளிந்த நீரை நிரப்பி, அஃது அசைவற்று நின்றபின், சிறு மயில்துத்தக் கட்டி ஒன்றை உங்கள் ஆசிரியர் அதன் அடியில் மெல்ல இடுவாராயின், முதலில் அடிப்பகுதி மட்டுமே நீலநிறம் பெறும். நாள்கள் செல்லச் செல்ல அந்நீலம் மேல்நோக்கி ஏறும். இறுதியில் நீர் முழுவதும் ஒரே நிறமாகும். கலக்கியவர் எவரும் இலர். அங்ஙனமாயின் இது நிகழ்ந்தது எவ்வாறு?

நீரின் மூலக்கூறுகளும் அதில் கரைந்த பொருளின் நுண்துகள்களும் ஒருகணமும் ஓய்ந்திருப்பன அல்ல. ஒன்றோடொன்று மோதி எத்திசையிலும் அலைந்த வண்ணம் உள்ளன. செறிவு மிக்க இடத்திலிருந்து புறப்படுவன பல; குறைந்த இடத்திலிருந்து மீள்வன சில. ஆதலின் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்திற்குப் பொருள் தானே பரவுகிறது. இதற்கு விரவல் என்று பெயர். 1855ஆம் ஆண்டில் அடால்ஃப் ஃபிக் என்னும் ஜெர்மானிய அறிஞர் இதன் விதியை வகுத்துரைத்தார். செறிவின் வேறுபாடும் பரப்பும் மிகுந்தால் விரவல் மிகும். கடக்கவேண்டிய படலம் தடித்தால் அது குறையும்.

நம் மூச்சு இவ்விதியின் வழியே நடைபெறுகிறது. நாம் உள்ளிழுக்கும் காற்று நுரையீரலில் உள்ள பல கோடிக் காற்று நுண்ணறைகளை அடைகிறது. அவற்றைச் சூழ்ந்து, மயிரிழையினும் மெல்லிய குருதித் தந்துகிகள் ஓடுகின்றன. காற்றிற்கும் குருதிக்கும் இடையே உள்ள படலம், ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 2,000இல் ஒரு பங்கு தடிப்பே உடையது. நுண்ணறையில் ஆக்சிஜன் மிகுதி. உடலைச் சுற்றி மீண்ட குருதியில் குறைவு. எனவே ஆக்சிஜன் குருதியிற் புகுகிறது; கரியமிலவாயு எதிர்த்திசையில் வெளியேறுகிறது. குருதியணு அங்குத் தங்குவது ஒரு நொடிக்கும் குறைந்த காலமே. அதற்குள் இம்மாற்றம் முடிவடைகிறது.

எனினும் இவ்விரைவு குறுந்தொலைவிற்கே உரியது. தொலைவு 10 மடங்கானால் காலம் 100 மடங்காகும். அசைவற்ற நீரில் ஆக்சிஜன் ஒரு மில்லிமீட்டர் விரவ ஏறத்தாழ 4 நிமிடம் ஆகும். ஒரு மீட்டர் விரவவோ ஏறத்தாழ 8 ஆண்டுகள் ஆகும்! நெஞ்சிலிருந்து கால்விரல்வரை விரவல் ஒன்றையே நம்பியிருந்தால் நாம் உயிர் வாழ்தல் கூடுமோ? ஆதலினால் நெடுவழியை இதயம் உந்தும் குருதி கடக்கிறது. தந்துகியிலிருந்து உயிரணுவரை உள்ள இறுதிச் சிறுவழியை மட்டும் விரவல் கடக்கிறது.

அச்சிறுவழி சிறிதே நீண்டாலும் தீங்கு பெரிதாம். நிமோனியா நோயில் நுண்ணறைகளில் நீர் கோத்துக்கொள்ளும். காற்று குருதியை அணுகாது. நெடுநாள் புகை பிடிப்போர்க்கு நுண்ணறைச் சுவர்கள் சிதைந்து, விரவும் பரப்புச் சுருங்கும். சிதைந்த அறைகள் பழைய நிலையை மீண்டும் எய்துவதில்லை. சுற்றிலும் காற்று நிறைந்திருக்க, அவர் மூச்சிற்கு ஏங்குவர். நீர் நிறைந்த குளக்கரையில் இருந்தும் தாகம் தீராதவர் நிலை அன்றோ அது?

கண்ணிற்கும் புலப்படாத அம்மெல்லிய படலத்தின் வழியாகவே நம் உயிர் நிலைபெறுகிறது. அதனைப் புகையும் மாசும் கெடுக்காவண்ணம் காத்தல் நம் கடமையாகும்.