வாகனத்தின் உட்புறச் சுத்தம்

அல்லாஹ் தஆலா மனிதனுக்கு வழங்கியுள்ள எண்ணற்ற நிஃமத்துகளில் வாகனமும் ஒன்று. குதிரை, கோவேறு கழுதை, கழுதை ஆகியவற்றை நாம் ஏறிச் செல்வதற்காகவும் அலங்காரமாகவும் படைத்திருப்பதாக அந்நஹ்ல் என்னும் 16-வது அத்தியாயத்தின் 8-வது ஆயத்தில் அவன் அறிவிக்கிறான். அத்துடன், நாம் அறியாத இன்னும் பலவற்றையும் படைப்பதாகக் கூறுகிறான். இன்று நாம் ஏறிச் செல்லும் கார், வேன் முதலியனவும் இதில் அடங்கும் என்று பிற்கால முஃபஸ்ஸிர்கள் விளக்கம் தந்துள்ளனர்.

ஒரு காலத்தில் ஊருக்கு ஒன்றிரண்டு வீடுகளில் மட்டுமே இருந்த கார், இன்று நடுத்தரக் குடும்பங்களுக்கும் கிடைத்திருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ். பலருடைய காரின் முன்கண்ணாடியில் பிரயாண துஆ அழகாக ஒட்டப்பட்டிருப்பதையும் காண்கிறோம். ஆனால், கதவைத் திறந்து காலை உள்ளே வைத்தால் நிலைமை வேறாக இருக்கிறது. காலடியில் தண்ணீர் பாட்டில்கள், தேநீர் குடித்த கப்புகள், பேரீச்சங்கொட்டை, ஆரஞ்சுத் தோல், பிள்ளைகள் தின்று போட்ட பாக்கெட்டுகள், ஸீட் இடுக்கில் பிஸ்கட் தூள், போன வாரம் பள்ளிவாசலில் கொடுத்த நார்ஸாவின் மிச்சம்! வீட்டு ஹாலில் ஒரு துரும்பு கிடந்தாலும் பொறுக்காத குடும்பத்தினர், காருக்குள் இத்தனையையும் பொறுத்துக் கொள்கிறார்கள்.

'இது என்ன பெரிய விஷயம்? இதற்கும் மார்க்கத்திற்கும் என்ன சம்பந்தம்?' என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. அதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வாகனத்தின் ஹக்கு

வயிறு ஒட்டி மெலிந்திருந்த ஓர் ஒட்டகத்தை நபி (ஸல்) அவர்கள் கண்டார்கள். வாய் பேச முடியாத இப்பிராணிகள் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சிக் கொள்ளுங்கள், அவை நல்ல நிலையில் இருக்கும்போதே அவற்றில் ஏறுங்கள் என்னும் கருத்துப்பட உபதேசித்தார்கள். ஸஹ்ல் இப்னுல் ஹன்ளலிய்யா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதில் இடம் பெற்றுள்ளது.

காருக்கு உயிரில்லை, பசியும் வலியும் அதற்குத் தெரியாது. ஆனால், நம்மைச் சுமந்து செல்லும் ஒன்றை நல்ல நிலையில் வைத்துக் கொள்ள வேண்டும் என்ற பாடம் இங்கும் பொருந்தும். அல்லாஹ் தந்த செல்வத்தைப் பாழாக்குவது ஷரீஅத்தில் விலக்கப்பட்டது. சிந்திய பால் ஸீட்டில் ஊறிக் காய்ந்தால் பூஞ்சணம் பிடித்து, எத்தனை வாசனைத் திரவியம் தெளித்தாலும் போகாத துர்வாடை வீசும். உணவுத் துகள்கள் எறும்பையும் கரப்பானையும் எலியையும் அழைக்கும். எலி வந்தால் தின்பண்டத்தோடு நிற்குமா? ஒயர்களையும் கடித்துவிடும். அப்புறம் மெக்கானிக்கிடம் கொடுக்கும் பணம் யாருடைய பணம்? அல்லாஹ் நம்மிடம் அமானத்தாகத் தந்த பணமல்லவா?

பூண்டும் வெங்காயமும் பச்சையாகத் தின்றவர் பள்ளிவாசலுக்கு வராமல் ஒதுங்கியிருக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கூறியதை நாம் அறிவோம். மனிதர்களுக்கு நோவினை தருபவை மலக்குகளுக்கும் நோவினை தருகின்றன என்று அதற்கு அவர்கள் காரணமும் சொன்னார்கள். நாலு பக்கமும் கண்ணாடி ஏற்றிய சிறிய அறையில் வயதான தாயையும், கர்ப்பிணி மனைவியையும், தூக்கம் கலையாத குழந்தையையும் உட்கார வைத்து அழுகல் வாடையைச் சுவாசிக்கச் செய்வது நோவினை இல்லையா?

உள்ளே சுத்தம், வெளியே பாவம்

இங்கேதான் மிகப் பெரிய தவறு ஒன்று நடக்கிறது. சுத்தத்தில் அக்கறை உள்ளவர்கள்கூட அதில் விழுந்துவிடுகிறார்கள். பெருநாளைக்காகச் சென்னையிலிருந்து காயல்பட்டினத்திற்குப் புறப்படும் ஒரு குடும்பத்தை எடுத்துக் கொள்வோம். சுமார் 10 மணி நேரப் பயணம். வழியில் இரண்டு வேளைச் சாப்பாடு. மிஞ்சிய சோற்றையும் எலும்பையும் ஒரு கேரி பேக்கில் போட்டு முடிச்சிட்டு, உம்மா கையில் வைத்திருக்கிறார். 'கார் அசிங்கமாகிவிடும், வெளியே வீசு' என்கிறார் வாப்பா. கண்ணாடி இறங்குகிறது, பை பறக்கிறது, கண்ணாடி ஏறுகிறது. கார் சுத்தமாகிவிட்டது!

அந்தப் பை எங்கே போயிற்று? சாலையோரத்தில் மேயும் மாடு சோற்று வாசனைக்கு வந்து, முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல் பையோடு சேர்த்து விழுங்குகிறது. பிளாஸ்டிக் அதன் இரைப்பையில் செரிக்காமல் சேர்ந்து சேர்ந்து அடைத்துக் கொள்கிறது. வயிறு நிறைந்தது போலிருக்க, இரை எடுக்க முடியாமல் மாடு மெலிந்து சாகிறது. சற்று முன்பு நாம் பார்த்த ஒட்டகத்தின் செய்தியை இங்கே மீண்டும் நினைத்துப் பாருங்கள். வாய் பேச முடியாத பிராணி விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சும்படி சொல்லப்பட்ட உம்மத்து நாம்.

வீசி எறிந்த பாட்டில், பின்னால் பைக்கில் வருபவரின் சக்கரத்தில் சிக்கினால்? அவர் ஒரு குடும்பத்தின் ஒரே சம்பாத்தியக்காரராக இருந்தால்?

ஈமானுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட கிளைகள் உண்டென்றும், அவற்றில் மிகத் தாழ்ந்தது பாதையிலிருந்து நோவினை தருவதை அகற்றுவது என்றும் நபி (ஸல்) அவர்கள் போதித்தார்கள் (முஸ்லிம்). பாதையில் கிடந்த முட்கிளை ஒன்றை அகற்றிய மனிதரின் பாவங்களை அல்லாஹ் மன்னித்தான் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வந்துள்ளது. யாரோ போட்ட முள்ளை எடுப்பதே ஈமானின் கிளை என்றால், இல்லாத முள்ளை நாமே கொண்டு வந்து போடுவது எதனுடைய கிளை? மக்கள் நடக்கும் பாதையிலும் ஒதுங்கும் நிழலிலும் மலஜலம் கழிப்பது சாபத்தைத் தேடித் தரும் என்று எச்சரிக்கப்பட்டுள்ளது. குழந்தையின் அழுக்கு டயப்பரைச் சுருட்டிச் சாலையோரப் புளியமரத்து நிழலில் போட்டுவிட்டுப் போகிறவர்கள் இந்த எச்சரிக்கையைச் சிந்திக்க வேண்டாமா?

ஆகவே, சகோதரர்களே! காரின் குப்பையைச் சாலைக்கு மாற்றுவது சுத்தம் ஆகாது. நம் வீட்டு அசுத்தத்தை அண்டை வீட்டு வாசலில் கொட்டுவதைப் போன்றது அது. குப்பை காருக்குள் சிதறவும் கூடாது. சாலையில் விழவும் கூடாது. உரிய தொட்டியைச் சென்றடையும்வரை அது நம் பொறுப்பு. இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வைத்துக் கொள்ளுங்கள்.

உயிருக்கு ஆபத்து

ஓட்டுநரின் காலடியில் உருளும் ஒரு காலி பாட்டிலைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். வேகமாகச் செல்லும் வண்டியில் திடீரென்று பிரேக் பிடிக்க நேரும்போது, ஸீட்டுக்கு அடியில் கிடந்த பாட்டில் முன்னோக்கி உருண்டு பிரேக் பெடலுக்குக் கீழே மாட்டிக் கொள்ளும். பெடல் இறங்காது, வண்டி நிற்காது. கொக்கியில் மாட்டாமல் விரித்த மிதியடியும், ஓட்டுநர் கழற்றிப் போட்ட செருப்பும் இவ்வாறே ஆபத்தை உண்டாக்கும்.

கதவடைத்து வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே ஒரு மணி நேரத்தில் வெளியே இருப்பதைவிட 20 டிகிரி வரைகூடச் சூடு ஏறிவிடும். அந்தச் சூட்டில் மிச்ச உணவு விரைவில் கெட்டுவிடும். சிகரெட் லைட்டர், அடைத்த ஸ்ப்ரே டப்பா போன்றவை வெடிக்கவும் கூடும். இவற்றை வண்டியில் விட்டுச் செல்லக் கூடாது.

நம் கைகளாலேயே நம்மை அழிவில் போட்டுக் கொள்ளக் கூடாதென்பது பகரா அத்தியாயத்தின் 195-வது ஆயத்தில் வந்துள்ள கட்டளை. பிரயாண துஆவின் முடிவில், நாம் நம் ரப்பிடமே திரும்பிச் செல்பவர்கள் என்று ஒப்புக் கொள்கிறோம். வாகனத்தில் ஏறும்போதே மவ்த்தை நினைவூட்டும் மார்க்கம் இது. அந்த துஆவை ஓதிவிட்டு, காலடியில் பாட்டிலை உருள விடுவது பொருத்தமாகுமா? ஒட்டகத்தைக் கட்டிவிட்டு, பிறகு தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததாகத் திர்மிதீயில் வருகிறது. பாட்டிலை எடுத்துவிட்டு, பிறகு தவக்குல் வையுங்கள்.

காலடியில் கிடக்கும் காகிதங்கள்

நிக்காஹ் அழைப்பிதழ்களில் பிஸ்மில்லாஹ்வும் துஆவும் அச்சிடப்படுகின்றன. மணமக்களின் பெயர்களிலேயே அப்துல்லாஹ், அப்துர் ரஹ்மான் என்று அல்லாஹ்வின் திருநாமங்கள் வருகின்றன. மதரஸாக் காலண்டர், ஜும்ஆ அன்று விநியோகிக்கும் துண்டுப் பிரசுரம், பிள்ளைகளின் யஸ்ஸர்னல் குர்ஆன் ஏடு ஆகிய யாவும் காரில் வந்து சேர்கின்றன. நாளடைவில் ஸீட்டிலிருந்து நழுவிச் செருப்புக் காலுக்கடியில் கிடக்கின்றன. அறியாமல் நடந்தாலும், கண்ட பிறகும் எடுக்காமல் விடுவது கண்ணியக் குறைவாகும். அத்தகைய காகிதங்களைக் குப்பையோடு சேர்க்காமல் தனியே எடுத்து, மிதிபடாத சுத்தமான இடத்தில் புதைத்துவிட வேண்டும்.

உணவு விஷயமும் அப்படியே. விழுந்த கவளத்தை எடுத்து, அழுக்கை நீக்கி உண்ணும்படியும், அதை ஷைத்தானுக்கு விட்டுவிட வேண்டாமென்றும் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸில் வந்துள்ளது (முஸ்லிம்). காரில் தின்னக் கொடுப்பதைச் சிறிது சிறிதாகக் கொடுத்தால் பாதி சிந்தாது.

நஜீஸ் பட்ட ஸீட்

குப்பை வேறு, நஜீஸ் வேறு. பிஸ்கட் தூள் அழுக்குதான், நஜீஸ் அல்ல. குழந்தையின் சிறுநீரும், பிரயாணத்தில் எடுக்கும் வாந்தியும் நஜீஸ். ஹனஃபி மத்ஹபில் வாய் நிறைய வந்த வாந்தியே நஜீஸாகும். ஷாஃபிஈ மத்ஹபில் கொஞ்சமானாலும் நஜீஸ்தான். ஸீட்டில் இவை பட்டால் ஈரத்துணியால் துடைத்துவிட்டுச் சுத்தமாகிவிட்டதென்று பலர் எண்ணுகிறார்கள். அது நஜீஸை இன்னும் பரப்பவே செய்யும்.

ஷாஃபிஈ மத்ஹபின்படி, முதலில் உலர்ந்த துணியால் ஒற்றி நஜீஸின் பொருளையும் ஈரத்தையும் எடுத்துவிட வேண்டும். பிறகு, நஜீஸ் ஊறிய இடத்தையெல்லாம் சென்றடையும்படி அதன் மேல் தண்ணீர் ஊற்ற வேண்டும். இரண்டு வயது நிரம்பாத, பாலைத் தவிர வேறு ஆகாரம் உண்ணாத ஆண் குழந்தையின் சிறுநீராயின், ஈரத்தை ஒற்றி எடுத்தபின் அந்த இடம் முழுவதும் படும்படி தண்ணீர் தெளித்தாலே போதும். உம்மு கைஸ் (ரலி) அவர்களின் கைக்குழந்தை நபி (ஸல்) அவர்களுடைய ஆடையில் சிறுநீர் கழித்தபோது அவர்கள் அவ்வாறே செய்தார்கள். பெண் குழந்தையாயின் கழுவ வேண்டும். ஹனஃபி மத்ஹபில் இரண்டையும் கழுவ வேண்டும். பிழிய முடியாத பொருளை மூன்று முறை கழுவி, ஒவ்வொரு முறையும் நீர் சொட்டுவது நிற்கும்வரை விட்டுவிட வேண்டும்.

ஸீட்டும் காய்ந்து, உடையும் காய்ந்திருந்தால் நஜீஸ் உடையில் ஒட்டாது. ஒளுச் செய்த ஈரத்தோடோ, வியர்வை நனைந்த ஆடையோடோ அதில் அமர்ந்தால் தொழுகைக்குரிய ஆடை கெட்டுவிடும். குழந்தை உட்காரும் இடத்தில் கழற்றித் துவைக்கக்கூடிய விரிப்பைப் போட்டு வைத்தால் இந்தச் சிரமமெல்லாம் குறையும்.

சந்தேகத்தையும் வளர்க்கக் கூடாது. உறுதியாகத் தெரியாதவரை ஸீட் சுத்தமானது என்பதே சட்டம். 'பட்டிருக்குமோ' என்ற வஸ்வாஸினால் தினமும் காரைக் கழுவித் தண்ணீரை விரயமாக்குவதும் தவறு. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவுத் தண்ணீரில் ஒளுச் செய்தார்கள் என்பதை மறக்க வேண்டாம். ஒரு முத்து என்பது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவேயாகும்.

வாடகை வாகனத்தில்

'பணம் கொடுத்துத்தானே போகிறோம்' என்று வாடகைக் காரில் குப்பையைப் போட்டுச் செல்வோர் உண்டு. வாடகை கொடுத்ததால் பயணம் செய்யும் உரிமை கிடைத்தது. பாழாக்கும் உரிமை கிடைக்கவில்லை. வாடகைக்கு எடுத்த பொருள் நம் கையில் அமானத்தாகும். வரம்பு மீறி அதைக் கெடுத்தால் நஷ்டத்தை ஈடு செய்வது கடமை. அதைக் கூட்டிச் சுத்தம் செய்துவிட்டு, அடுத்த சவாரிக்கு ஓட வேண்டிய ஓட்டுநரும் ஒரு குடும்பஸ்தரே. நம் கீழ் வேலை செய்பவர்களைச் சக்திக்கு மீறிச் சிரமப்படுத்த வேண்டாம், அப்படி நேர்ந்தால் நாமும் உதவ வேண்டும் என்பது அபூதர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழியின் கருத்து. இறங்கும்போது நம் குப்பையை நாமே எடுத்துக் கொண்டு இறங்குவது அந்த உதவியில் மிக எளிதானது.

செய்ய வேண்டியவை

1. முன் ஸீட்டின் பின்புறம் ஒரு பழைய மஞ்சப்பையைத் தொங்கவிட்டு, அதற்குள் ஈரம் கசியாத உறை ஒன்றை வைத்துக் கொள்ளுங்கள். குப்பை அதில் மட்டுமே விழட்டும்.

2. ஓட்டுநரின் காலடியில் எதையும் வைக்காதீர்கள். புறப்படுமுன் ஒரு முறை குனிந்து பாருங்கள். படுக்குமுன் விரிப்பை உதறும்படி நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. அதே கவனம் இங்கும் வேண்டும்.

3. வீடு வந்ததும் பையை அன்றே தொட்டியில் கொட்டுங்கள். நாளைக்கு என்று வைத்தால் அந்தப் பையே குப்பையாகிவிடும்.

4. தண்ணீருக்கு வீட்டிலிருந்தே பாத்திரம் கொண்டு செல்லுங்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகள், கப்புகள் முதலியன தடை செய்யப்பட்டிருக்கின்றன. பொது நன்மைக்கான இத்தகைய சட்டத்தைப் பேணுவதும் நம் கடமை.

5. வியாழக்கிழமை மாலையோ, ஜும்ஆவுக்குக் குளிக்குமுன்போ காரைக் கூட்டித் துடைக்கும் வழக்கத்தை ஏற்படுத்திக் கொள்ளுங்கள். பிள்ளைகளையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

இந்த வேலையைப் பெண்கள் தலையில் மட்டும் கட்டிவிட வேண்டாம். நபி (ஸல்) அவர்கள் வீட்டிலிருக்கும்போது குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியிருக்கிறார்கள். வாப்பா குனிந்து ஒரு கடலைத் தோலைப் பொறுக்கினால், பின் ஸீட்டிலிருக்கும் பிள்ளைக்கு நூறு உபதேசம் செய்ததைவிட அது மேல். அதே வாப்பா கண்ணாடியை இறக்கி ஒரு கப்பை வீசினாலும் பிள்ளை பார்த்துக் கொண்டுதான் இருக்கிறது.

நம்மைச் சுமந்து செல்லும் வாகனத்தின் நிஃமத்தை உணர்ந்து, அதைச் சுத்தமாகப் பேணி, நாம் செல்லும் பாதையில் எவருக்கும் நோவினை வைக்காமல் செல்லும் நற்பாக்கியத்தை எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.