வேல் வீசும் பொம்மை ஏன் விழுகிறது?

நவராத்திரிக் கொலுவில் துப்பாக்கி ஏந்திய சிப்பாய் பொம்மைகளைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அவை விறைப்பாக நிற்கும். பாய்ந்து ஓடும் சிப்பாயையோ, வேல் எறியும் வீரனையோ காண்பது அரிது. இது பொம்மை செய்பவரின் திறமைக் குறைவு அன்று. இயற்பியல் விதி ஒன்று குறுக்கே நிற்கிறது!

முதலில் ஒரு சோதனை. வலது தோளும் வலது பாதத்தின் வெளிப்புறமும் சுவரைத் தொடும்படி நில்லுங்கள். இப்போது இடது காலைத் தூக்கியபடி நிற்க முடிகிறதா? முடியாது. ஏன்?

ஒரு பொருளின் எடை முழுவதும் அதன் ஈர்ப்பு மையத்தில் செயல்படுவதாகக் கொள்ளலாம். நிமிர்ந்து நிற்கும் மனிதனுக்கு இம்மையம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே, உடலினுள் அமைகிறது. அங்கிருந்து கீழ்நோக்கி வரையும் செங்குத்துக் கோடு, பாதங்களின் அடிப்பரப்புக்குள் விழ வேண்டும். வெளியே விழுந்தால் உடல் சாயும். ஒற்றைக் காலில் நிற்க, அந்தக் கோட்டை வலது பாதத்தின்மேல் கொண்டுவர வேண்டும். அதற்கு உடல் வலப்புறம் நகர வேண்டும், சுவரோ தடுத்துவிடுகிறது.

திருப்பூர்த் தெருக்களில் துணி மூட்டையை வலது தோளில் சுமந்து செல்பவரைக் கவனியுங்கள். அவர் உடல் இடப்புறம் சாய்ந்திருக்கும். அவரை நேராக நிற்கவைத்துச் சிலை வடித்தால், மூட்டை காற்றடைத்த பைபோலத் தோன்றும். பளுவை நமக்குச் சொல்வது உடலின் சாய்வே.

ஓட்டம் இன்னும் வேடிக்கையானது. ஓடத் தொடங்குபவனைத் தரை முன்னோக்கித் தள்ளுகிறது. பாதத்தில் செயல்படும் இத்தள்ளல் உடலைப் பின்புறம் சாய்க்கப் பார்க்கும். அதை ஈடுசெய்யவே அவன் முன்னே சாய்கிறான். அசையாத பொம்மைக்கு இந்தத் தள்ளல் கிடையாது. அதே சாய்வைக் கொடுத்தால் குப்புற விழும். நிமிர்த்தினால் ஓட்டம் பொய்யாகிவிடும்.

இதற்கு வழி என்ன? காலடியில் ஒரு தட்டையான பீடம். இது அடிப்பரப்பை விரிக்கிறது. ஈர்ப்பு மையத்தையும் தாழ்த்துகிறது. இங்கிலாந்தில் பிரிட்டன் நிறுவனம் 1893இல் உள்ளீடற்ற ஈயச் சிப்பாய்களை வார்க்கத் தொடங்கியது. அவற்றின் காலடியிலும் இத்தகைய பீடம் உண்டு. இவைபோன்ற பொம்மைகளைக் கொண்டு ஆடும் போர் விளையாட்டுக்கு, எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913இல் விதிகள் வகுத்து ஒரு நூலே எழுதினார்.

நம் சிற்பிகள் வேறு வழி கண்டனர். திருவரங்கம் சேஷராயர் மண்டபத்தில் முன்கால்களை உயர்த்திப் பாயும் குதிரைகள் தூணோடு இணைந்தே செதுக்கப்பட்டுள்ளன. ஆகவே விழும் அச்சமில்லை. கொங்கு நாட்டின் புலிகுத்திக் கற்களும் அப்படியே. ஆநிரை காக்கப் புலியோடு பொருது மடிந்தவர்களின் நினைவுக் கற்கள் இவை. புடைப்புச் சிற்பமாதலால் கல்லே பிடித்துக்கொள்கிறது. வீரனை எப்படி வேண்டுமானாலும் சாய்க்கும் உரிமை சிற்பிக்கு உண்டு.

ஆனால் உரிமை மட்டும் உண்மையைத் தராது. கூர்ந்து பார்க்கவும் வேண்டும். நாலுகால் பாய்ச்சலில் குதிரை முன்கால்களை முன்னும் பின்கால்களை பின்னும் நீட்டி அந்தரத்தில் பறப்பதாகவே ஐரோப்பிய ஓவியர் பலர் வரைந்துவந்தனர். 1878இல் மைபிரிட்ஜ் என்பவர் கலிபோர்னியாவில் கேமராக்களை வரிசையாக வைத்து, ஓடும் குதிரையைப் படம் பிடித்தார். நான்கு கால்களும் தரையை விட்டு எழுவது உண்மைதான். ஆனால் அப்போது அவை வயிற்றின்கீழ் மடங்கி இருந்தன! எத்தனையோ பேர் கண்ணால் கண்டதாக நம்பியது பொய்யாயிற்று.

உங்கள் ஊர்ப்பக்கம் புலிகுத்திக் கல் இருந்தால் சென்று பாருங்கள். கல்லைத் தொடாமல், நூலில் சிறு கல் கட்டி, வீரனின் இடுப்புக்கு நேரே தொங்கவிடுங்கள். நூல் அவன் பாதங்களுக்கு இடையே விழுகிறதா, வெளியே விழுகிறதா? வெளியே விழுந்தால் அவன் நிற்கவில்லை, பாய்கிறான். சிற்பி அதை அறிந்து செய்தானா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.