மனத்துயர் தீர்க்க ஏற்ற துணைவரைத் தேர்தல்

உடலில் நோய் தோன்றின் மருத்துவரை நாடுகின்றோம். மனத்தில் தோன்றின் மறைக்கின்றோம். அல்லது ஒருவரிடம் ஒருமுறை சென்று, அவர் பேச்சு மனத்திற்கு ஒவ்வாதபோது, இந்நோய் தீராதென்று முடிவு கட்டிவிடுகின்றோம். இம்முடிவு பிழையாகும். நமக்கு ஒவ்வாத ஒருவரைக் கண்டோம் என்பதே அதன் பொருள். டில்லியில் வாழும் நம்மவர் இதனை நன்கு உணர்தல் வேண்டும்.

முதலாவது, தகுதி. மனநோய் மருத்துவர் மருந்து எழுதித் தருபவர். மருத்துவ உளவியலாளர் பேச்சாலும் பயிற்சியாலும் குணப்படுத்துபவர். அவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவரா என வினவுதல் அவமதிப்பாகாது. அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்திலும், தில்ஷாத் கார்டனிலுள்ள இஹ்பாஸ் அரசு மருத்துவமனையிலும் இவ்விரு வகையினரும் உளர்.

இரண்டாவது, பொருத்தம். சிகிச்சை உறவிற்கு மூன்று உறுப்புகள் உண்டென 1979ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியல் அறிஞர் எட்வர்டு போர்டின் எழுதினார். அவை நோக்கத்தில் உடன்பாடு, செய்முறையில் உடன்பாடு, இருவரிடையே நம்பிக்கை என்பன. ஆகவே இரண்டு மூன்று சந்திப்புகளுக்குப் பின் நம்மையே வினவுவோமாக: நாம் கூறியதை முழுதும் கேட்டாரா? செய்வது எதற்கென விளக்கினாரா? அவரிடம் அஞ்சாது உண்மை கூற இயன்றதா? பழந்துயரைப் பேசுங்கால் சின்னாள் வலி மிகுதல் இயல்பு. அதனைப் பொருத்தமின்மை எனக் கருதலாகாது. குறை உண்டெனில் அவரிடமே சொல்லுக. நல்லவர் சினவார், வேண்டின் வேறொருவரிடம் அனுப்புவார். ஆயின், ஆளை மாற்றுங்கால் மருந்தைத் தாமே நிறுத்தலாகாது.

மூன்றாவது, மொழியும் மதிப்பும். கடைத்தெருவிற்குப் போதுமான இந்தி, தாயை இழந்த துயரைச் சொல்லப் போதாது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பெற்ற டெலிமானஸ் என்னும் அரசுத் தொலைபேசிச் சேவையில், 14416 என்ற எண்ணில், கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம்.

சாதியால் பட்ட அவமானத்தை ஒருவர் சொல்ல, "இக்காலத்தில் அதெல்லாம் ஏது?" எனக் கேட்பவர் புண்ணை ஆற்றார்; பெரிதாக்குவார். அத்தகையோரிடம் தங்கியிருத்தல் வேண்டா. சாதி, சமய வேறுபாடின்றிச் சிகிச்சை பெறும் உரிமையையும், கூறியவை மறைவாகக் காக்கப்படும் உரிமையையும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நமக்கு அளித்துள்ளது.

ஒன்று நினைவிலிருக்கட்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் பொருத்தம் தேடிக் காலம் தாழ்த்தலாகாது. அருகிலுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்க.

பிறர் சொன்னார் என்பதற்காக எதனையும் ஏற்காது, பயன் கண்டு ஏற்குமாறு பகவான் புத்தர் காலாமர்க்குப் போதித்தார். மனத்துயர்க்குத் துணைவரைத் தேடுவார்க்கும் அதுவே வழி. முதலாமவர் ஒவ்வாவிடின் இரண்டாமவரை நாடுவோமாக, நாணமின்றி நாடுவோமாக.