திரும்பி வந்த தண்ணீரை நம்பலாமா?

கேள்வி: ஸ்காபரோவில் ஒரு பிளாசாவில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறேன். ஜனவரியில் இரண்டு நாள் பூட்டியிருந்துவிட்டு மூன்றாம் நாள் காலை திறந்தால், பின்பக்கக் கழுவறைக் குழாயில் தண்ணீர் இல்லை. குசினியில் வந்தது. மத்தியானம் கழுவறையிலும் தானாகவே வந்துவிட்டது, ஒழுக்கும் இல்லை. கட்டட உரிமையாளர், "அதுதான் வந்துவிட்டதே" என்கிறார். பேசாமல் விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். கழுவறைக்குப் போகும் பைப் சுவருக்குள் எங்கோ உறைந்து, பிறகு இளகியிருக்கிறது. இந்த முறை தாங்கிய பைப் அடுத்த முறையும் தாங்கும் என்று யாரும் சொல்ல முடியாது. கடை முழுக்கத் தண்ணீர் நின்றிருந்தால் நிலத்தடிப் பைப்பைச் சந்தேகித்து, பக்கத்துக் கடையில் விசாரித்துவிட்டு நகரசபையின் 311-க்கு அழைக்கச் சொல்லியிருப்பேன். ஒரு குழாய் மட்டும் நின்றதால் கோளாறு அந்தக் கிளையில்தான்.

தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கும். ஆனாலும் பனிக்கட்டி பிடித்த இடத்திலேயே பைப் வெடிப்பது குறைவு. கட்டிக்கும் மூடிய குழாய்க்கும் இடையே அகப்பட்ட தண்ணீரில் அழுத்தம் ஏறி, கட்டியே இல்லாத இடத்தில் பிளக்கும். கடுங்குளிர் இரவில் குழாயை நூல்போல் ஓடவிடச் சொல்வதில் பாதிக் காரணம் இதுதான்: அழுத்தம் வெளியேற வழி கிடைக்கிறது. பிளவு விழுந்தாலும் கட்டி அடைத்திருக்கும்வரை தெரியாது. இளகிய பிறகே கொட்டும். கண்ணுக்குத் தெரியாத கசிவும் உண்டு. இன்றிரவு ஐஸ் மெஷின் உட்பட எல்லாவற்றையும் மூடிவிட்டு மீற்றரைப் பாருங்கள். அரை மணி நேரம் கழித்தும் எண் நகராமல் இருக்கவேண்டும்.

இனி, குளிர் புகும் வழி. உங்கள் அடுப்புக்கு மேலுள்ள புகை விசிறி உள்காற்றை வெளியே தள்ளுகிறது. அதற்கு ஈடான காற்று முறையாக வராவிட்டால், பின்கதவு இடுக்கு, வயர் போன துளை என்று ஓட்டை உள்ள இடமெல்லாம் வெளிக்குளிரை இழுக்கும். விரல் நுழையும் துளை போதும், எதிரே ஓடும் பைப் உறைவதற்கு. விசிறியைப் போட்டுவிட்டு, கொளுத்திய ஊதுபத்தியோடு பின்சுவர் ஓரமாக நடந்து பாருங்கள். புகை உள்ளே வளையும் இடங்களை அடைத்துவிடுங்கள்.

சுவரைத் திறந்தால் குளிர்காப்புப் பஞ்சு எந்தப் பக்கம் என்று பாருங்கள். பைப்புக்கும் வெளிச்சுவருக்கும் நடுவில்தான் அது இருக்கவேண்டும். அறைப்பக்கம் திணித்திருந்தால் பைப்புக்குப் போகவேண்டிய சூட்டை அதுவே மறிக்கிறது. எத்தனையோ சுவர்களில் இந்தத் தவறைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வயிறு எரியும். பைப்புக்கு மாட்டும் நுரை உறைவதைத் தாமதப்படுத்துமே தவிர, சூடு தராது.

பூட்டும் நாட்களில் ஹீற்றரை 13 பாகைக்குக் கீழே இறக்காதீர்கள். கழுவறைக் கதவும் சிங்குக்கு அடியிலுள்ள கதவும் திறந்திருக்கட்டும். பின்வாசல் கூரைக்குள் தீயணைக்கும் ஸ்பிரிங்க்ளர் பைப் ஓடினால் அதுதான் எனக்குப் பெரிய கவலை. அதில் தண்ணீர் அசையாமல் நிற்கும், ஓடவிடும் வழியும் இல்லை. அந்த இடம் எப்போதும் 4 பாகைக்கு மேல் இருக்கவேண்டும். அதன் வால்வைத் தொடாமல், உரிமையாளருக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

மறுபடி உறைந்தால் முதலில் குழாயைத் திறந்துவையுங்கள். பிறகு குழாய்ப் பக்கத்திலிருந்து தொடங்கி, உறைந்த இடம் நோக்கி ஹெயர் டிரையரால் மெல்லச் சூடாக்குங்கள். காஸ் ரோர்ச் கூடவே கூடாது, சுவருக்குள் தீப்பிடிக்கும்.

ஒன்றை இன்றே செய்யுங்கள். மெயின் வால்வ் எங்கே என்று தேடி, அது திருகுகிறதா என்று பாருங்கள். காலையில் கடையைத் திறப்பவர் வேறொருவர் என்றால், அவரையும் கூட்டிப்போய்த் திருகச் சொல்லுங்கள்.